மானிட்டரின் முதுகைப் பார்த்துவிட்டுக் கார்டு வாங்குங்கள்

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ ஒரு கம்ப்யூட்டர் கடையில் கால் மணி நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்.

"தம்பி, சத்தம் போடாத கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வேணும்ப்பா. ரெண்டு மானிட்டர் ஓடணும்."

"மானிட்டர் என்ன பின் சார்?"

"பழசுதாம்ப்பா. நீலக் கலர் பின்னு."

"ரெண்டுமே நீலமா?"

கிராபிக்ஸ் கார்டு என்பது மானிட்டருக்குப் படம் அனுப்பும் பலகை. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வாங்கிப்போன கார்டுதான் மறுநாள் கடைக்குத் திரும்பி வருகிறது. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ஜிபி கணக்கும் மாடல் எண்ணும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் மானிட்டரைத் திருப்பி வைத்து, அதன் முதுகில் என்னென்ன சாக்கெட் இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு எது என்பதை அந்தப் படமே பாதி சொல்லிவிடும்.

அதற்கும் முன்னால் இன்னொன்று: சத்தம் உண்மையில் கார்டிலிருந்துதான் வருகிறதா? கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து, கார்டு ஃபேனின் நடுவில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் வட்டத்தை விரல் நுனியால் இரண்டு விநாடி மெல்ல அழுத்திப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அதுதான். நிற்காவிட்டால் ப்ராசஸர் ஃபேன், எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) ஃபேன், பழைய ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றில் ஒன்று. அப்போது கார்டை மாற்றிப் பயனில்லை. விலை குறைந்த கார்டுகளில் இருப்பது நாலைந்து சென்டிமீட்டர் அகலச் சிறு ஃபேன். அகலம் குறைந்தால் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்றியாக வேண்டும், சீக்கிரம் தேயும். ஸ்டிக்கரைப் பிய்த்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில வாரம் அடங்கும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். மார்கழி விடியலில் அது பாட்டிலில் உறைவதுபோல பேரிங்கிலும் உறையும். காலையில் ஸ்விட்ச் போட்டதும் ஃபேன் முக்கிக்கொண்டு நிற்பது அதனால்தான்.

ஆன்லைனில் பாட்டு வகுப்பு எடுக்கும் வாத்தியார், வீட்டு அறையிலேயே குரல் பதிவு செய்கிறவர், ராத்திரி பத்து மணிக்கு மேல் பத்திரிகை டிசைன் செய்யும் டிடிபிக்காரர் போன்றவர்களுக்கு ஃபேனே இல்லாத கார்டு நல்ல தீர்வு. சூட்டை இறக்கும் அலுமினியத் தகட்டு அடுக்கான ஹீட்சிங்க் மட்டும் இருக்கும், சுற்றுகிற பாகம் எதுவும் கிடையாது. கடையில் 'பாசிவ்' என்றோ 'ஃபேன்லெஸ்' என்றோ கேளுங்கள்.

இனி முதுகைப் பார்ப்போம்.

நீல நிறத்தில் மூன்று வரிசையாகப் 15 துளை இருந்தால் விஜிஏ. வெள்ளை நிறத்தில் அகலமாக இருந்தால் டிவிஐ. இந்த டிவிஐயில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதில் 24 சதுரத் துளைகளும் பக்கத்தில் ஒரு தட்டையான கோடும் இருக்கும். அந்தக் கோட்டைச் சுற்றி மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு சிறு துளைகள் இருந்தால் அது டிவிஐ-ஐ (DVI-I). அந்த நான்கு வழியாகத்தான் விஜிஏ சிக்னலும் வருகிறது, அதனால் சின்ன அடாப்டரைச் செருகினாலே விஜிஏ மானிட்டர் ஓடும். நான்கு துளை இல்லாமல் வெறும் கோடு மட்டும் இருந்தால் டிவிஐ-டி (DVI-D). அதில் விஜிஏ சிக்னலே கிடையாது. பழைய அடாப்டர் அதில் நுழையவே நுழையாது. அந்த நான்கு பின்னை வெட்டிவிட்டுச் செருகும் வீரர்களைப் பார்க்கலாம். நுழையும், படம் மட்டும் வராது.

கார்டு சிப் செய்யும் இரண்டு பெரிய கம்பெனிகளில், என்விடியாவில் 2016-இல் வந்த பாஸ்கல் தலைமுறையிலிருந்து விஜிஏ சிக்னல் அறவே இல்லை. ஏஎம்டி அதற்கும் முன்பே, 2013 வாக்கில், ஆர்9 290 வரிசையில் நிறுத்த ஆரம்பித்துவிட்டது. ஆகவே 'புது மாடல், நல்ல மாடல்' என்று கேட்டு வாங்கினால் பழைய மானிட்டரோடு நேராகச் சேராது. நடுவில் கன்வெர்ட்டர் வேண்டும்.

புதுக் கார்டுகளில், டிவிகளில் இருக்கும் ஹெச்டிஎம்ஐ சாக்கெட்டிலிருந்து விஜிஏவுக்குப் போகும் கன்வெர்ட்டருக்குள் ஒரு சிப் இருக்கிறது, அது டிஜிட்டலை அனலாகாக மாற்றுகிறது. அதற்குக் கரண்ட் வேண்டும். ஹெச்டிஎம்ஐ சாக்கெட்டின் 18-ஆம் பின்னில் வரும் 5 வோல்ட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தப் பின் 55 மில்லி ஆம்பியர் கொடுத்தால் போதும் என்பதுதான் விதி. மலிவான கன்வெர்ட்டர் அதற்கு மேல் இழுத்தால் திரை அரை மணிக்கொரு தரம் கண் சிமிட்டும். மக்கள் மானிட்டரைத்தான் சந்தேகப்படுவார்கள். பக்கவாட்டில் யுஎஸ்பி பவர் கொடுக்கும் துளை உள்ள கன்வெர்ட்டராக வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. இன்னொரு எச்சரிக்கை: ஹெச்டிஎம்ஐ டூ விஜிஏ வேறு, விஜிஏ டூ ஹெச்டிஎம்ஐ வேறு. பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வேலை ஒரு திசையில் மட்டும்தான். கடையில் "கம்ப்யூட்டர் பக்கம் ஹெச்டிஎம்ஐ, மானிட்டர் பக்கம் விஜிஏ" என்று வாய்விட்டுச் சொல்லி வாங்குங்கள்.

ஹெச்டிஎம்ஐயிலிருந்து டிவிஐக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. இரண்டிலும் ஓடுவது ஒரே வகைச் சிக்னல். வெறும் கேபிள் போதும். உங்கள் மானிட்டரில் விஜிஏ, டிவிஐ இரண்டும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டிவிஐயைப் பிடியுங்கள்.

இவ்வளவு பார்த்தபின் ஒரு சங்கடமான கேள்வி: கார்டே வேண்டுமா? ஊரில் ஓடும் பழைய சிஸ்டங்களில் ஹெச்61, ஹெச்81 மதர்போர்டுகள் ஏராளம். அவற்றின் பின்னால் பெரும்பாலும் விஜிஏவும் கூடவே டிவிஐயோ ஹெச்டிஎம்ஐயோ இருக்கும். இன்டெல் இரண்டாம் தலைமுறை ப்ராசஸரின் சொந்த கிராபிக்ஸே இரண்டு திரையை ஓட்டும். மூன்றாம், நான்காம் தலைமுறை, மதர்போர்டு இடம் கொடுத்தால், மூன்று வரை போகும். டைப்பிங், டேலி, கோரல்டிரா, பிரவுசர் இவற்றுக்கு அது தாராளம். ப்ராசஸர் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தாலோ, ரைசன் 5000 வரிசை வரையிலான மாடல்களில் 'ஜி' இல்லாமல் இருந்தாலோ மட்டும் கார்டு இல்லாமல் திரையே வராது. மதர்போர்டில் விஜிஏ ஒன்றுதான் இருக்கிறது, இரண்டாவது திரைக்கு வழியில்லை என்றால் மதர்போர்டு ஒரு திரை, கார்டு ஒரு திரை என்று பங்கு போட்டும் ஓட்டலாம். கார்டு போட்டதும் பல மதர்போர்டுகள் சொந்த கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் செட்டிங் பக்கம்) ஐஜிபியு மல்டி மானிட்டர் என்ற இடத்தைத் தேடி எனேபிள் செய்ய வேண்டும். விற்கிற கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், அவர் பிழைப்பு அது.

கார்டு வேண்டும் என்று முடிவாகிவிட்டால் சாதாரண அலுவலக வேலைக்குப் போட்டியில் நிற்பவை இரண்டுதான்.

என்விடியாவின் ஜிடி 710 பழசு, மெதுவானது, கேம் விளையாடுகிறவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் நம் வேலைக்கு இதைப்போல ஒத்துப்போகும் கார்டு குறைவு. 19 வாட் மட்டுமே தின்னும். விஜிஏ, டிவிஐ-டி, ஹெச்டிஎம்ஐ மூன்றும் ஒரே கார்டில் உள்ள மாடல்கள் பல கம்பெனிகளில் வந்திருக்கின்றன, அவற்றில் ஃபேன் இல்லாதவையும் உண்டு. ஒரு மானிட்டரில் நீலம், ஒன்றில் வெள்ளை என்றால் கன்வெர்ட்டர் எதுவும் இல்லாமல் நேராக மாட்டிவிடலாம். குறை டிரைவரில், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளில்: இது பாஸ்கலுக்கு முந்தைய கெப்ளர் தலைமுறை. புது டிரைவர் 2021-லேயே நின்றது, பாதுகாப்புத் திருத்தம் 2024 செப்டம்பர் வரைதான். லினக்ஸில் என்விடியாவின் 470 வரிசைதான் இதற்குக் கடைசி. இரண்டு திரையில் எழுத்து வேலை பார்க்க லினக்ஸோடு வரும் நுவோ டிரைவரே போதும்.

ஜிடி 1030 அதைவிட நல்ல வேகம், 30 வாட், இதிலும் ஃபேன் இல்லாத மாடல்கள் உண்டு. விஜிஏ கிடையாது. பெரும்பாலும் ஹெச்டிஎம்ஐயும் டிவிஐ-டியும், சிலவற்றில் ஹெச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகைச் சாக்கெட்டும். இரண்டு திரைக்கு மேல் ஓட்டாது. இதில் ஒரு பொடி வித்தை இருக்கிறது. 2017-இல் வந்தது ஜிடிடிஆர்5 மெமரியோடு. 2018-இல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்டு இன்னொன்று விட்டார்கள். மெமரி வேகம் விநாடிக்கு 48 ஜிபியிலிருந்து 17 ஜிபிக்கும் கீழே இறங்கிவிட்டது. பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள். இதன் டிரைவருக்குப் பாதுகாப்புத் திருத்தம் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. விண்டோஸ் 11-இல் இன்னும் சில ஆண்டு ஓட்டப் போகிறவர்கள் கன்வெர்ட்டர் செலவைப் பார்க்காமல் இதையே எடுக்கலாம்.

ஜிடி 730-ஐ மட்டும் பெயரை நம்பி வாங்கவேண்டாம். ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு கார்டு. 64-பிட் மெமரி உள்ள இரண்டும் கெப்ளர், 23 முதல் 25 வாட். '128-பிட்' என்று பெருமையாகப் போட்டிருப்பது அதற்கும் முந்தைய ஃபெர்மி சிப், 49 வாட் குடிக்கும், புது டிரைவர் 2018-லேயே நின்றுவிட்டது. எண் பெரிதாக இருப்பதால் அதைத்தான் நல்லதென்று தள்ளிவிடுவார்கள். செகண்ட் ஹேண்டில் ரொம்பச் சல்லிசாக ஏதாவது ஜிடிஎக்ஸ் கார்டு வந்தால் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பழைய சிப்பில் கார்டின் பயாஸை மாற்றி எழுதிப் புதுப் பெயர் ஒட்டியிருந்தால், பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று காட்டிக்கொடுத்துவிடும்.

பாதி மௌனக் கார்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூடு குறைவாக இருக்கும்வரை ஃபேன் நிற்கும், ஏறினால் சுற்றும் என்ற வகை. ஊட்டியில் சரி. தஞ்சாவூர் மே மாதத்தில் அது ஐந்து நிமிடம் ஓடும், மூன்று நிமிடம் நிற்கும், மறுபடி ஓடும். தொடர்ந்து வரும் இரைச்சலைக் காது மறந்துவிடும். விட்டு விட்டு வருவதை மறக்காது.

சூடு பற்றித்தான் டெல்டாக்காரர்கள் அதிகம் யோசிக்க வேண்டும். இணையத்தில் படிக்கும் சோதனைகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் செய்தவை. அங்கே ஒரு ஃபேனில்லாக் கார்டு 65 டிகிரி காட்டினால், அறையைவிட 43 டிகிரி கூடுதல் என்று பொருள். அந்த வித்தியாசம் நம் வீட்டிலும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் மதியம் அறை 37 என்றால் கார்டு 80. கேபினெட் மூச்சு முட்டினால் இன்னும் மேலே. 19 வாட், 30 வாட் கார்டுக்கு 80 ஒன்றும் ஆபத்தில்லை. 90-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும், அதற்கு மேல் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், திரை இழுக்கும். பாலிட் கம்பெனி கால்ம்எக்ஸ் வரிசையில் ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050 கார்டுகளைக்கூட ஃபேன் இல்லாமல் விட்டிருக்கிறது. 70, 75 வாட் வெப்பத்தை வெறும் அலுமினியத்தால் இந்த ஊரில் இறக்க, கேபினெட்டில் நல்ல காற்றோட்டம் இருந்தே ஆகவேண்டும்.

டவர் கேபினெட்டில் கார்டு படுத்தவாக்கில் இருக்கும், ஹீட்சிங்க் தரையைப் பார்க்கும். சூடான காற்று மேலே போகப் பார்க்கும், மேலே கார்டின் பலகையே கூரை போல மறிக்கும். அதனால் கார்டுக்கு அடுத்த ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். அந்த ஸ்லாட்டின் பின்பக்கத் தகட்டையும் கழற்றிவிட்டு, திறப்பில் மெல்லிய வலை ஒட்டிவிட்டால் காற்றுக்கு ஒரு ஜன்னல் கிடைக்கும். பழைய மாடல் கம்ப்யூட்டர் டேபிளில் சிபியு வைக்க ஒரு பெட்டி அறை இருக்குமே, பின்பக்கம் பலகை அடித்திருந்தால் அந்தப் பலகையைக் கழற்றுங்கள். பூப்போட்ட துணி உறையைப் போட்டபடியே ஓட்டுகிறவர்களுக்கு ஃபேனில்லாக் கார்டு சரிவராது.

ஃபேன் இல்லாததால் தூசியை உறிஞ்சி இழுக்காது என்பது நிஜம். படியாது என்பது நிஜமல்ல. தை மாதச் சம்பா அறுவடையில் மெஷின் ஓடும் வயலுக்கோ, ரைஸ் மில்லுக்கோ பக்கத்தில் வீடு இருந்தால் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே மெல்லிய போர்வைபோல உமித்தூசி உட்காரும். குறுவை அறுவடை முடிந்து ஒருமுறை, சம்பா முடிந்து ஒருமுறை, ஓர் அங்குல பெயிண்ட் பிரஷ்ஷால் தகட்டு வாக்கில் தட்டிவிட்டால் போதும். ஈரத் துணி வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று கார்டின் தங்கப் பற்களில் படலம் கட்டும், திடீரென்று திரை வராது. கார்டை வெளியே எடுத்து, பென்சில் ரப்பரால் பற்களை ஒரே திசையில் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மாட்டினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

அலுவலகங்கள் கழித்த ஒல்லி சிஸ்டம், அதாவது படுக்கை வைக்கும் சிறு பெட்டி உங்களிடம் இருந்தால் கார்டின் உயரத்தையும் பாருங்கள். சாதாரணத் தகடு 12 சென்டிமீட்டர், ஒல்லிப் பெட்டிக்கு வேண்டியது 8 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கார்டு பெட்டியிலேயே குட்டைத் தகடு தருகிறார்களா என்று திறந்து பாருங்கள். ஜிடி 710-இல் விஜிஏ சாக்கெட் ஒரு பட்டை ஒயரில் தொங்கும். குட்டைத் தகடு போட்டால் அந்த விஜிஏவுக்குத் தனித் தகடு, தனி ஸ்லாட் வேண்டும். பல சிறு பெட்டிகளில் இருப்பதே இரண்டு ஸ்லாட்தான். ஹீட்சிங்க் தடியாக இருந்தால் அந்த இரண்டாவது ஸ்லாட்டை அதுவே அடைத்துக்கொள்ளும். விஜிஏ எங்கே உட்காரும்? வாங்கும் முன் அளவு நாடாவை எடுங்கள்.

மாட்டியபின் திரை 1024×768-இலேயே நின்று, 1280×1024 கிடைக்கவில்லையா? டிரைவரைத் திரும்பத் திரும்பப் போடுவதற்கு முன் விஜிஏ கேபிளைப் பாருங்கள். மானிட்டர் தன் அளவைக் கார்டுக்குச் சொல்வது 12, 15-ஆம் பின்கள் வழியாக. மலிவுக் கேபிள்களில் அவையே இருக்காது, அல்லது வளைந்து உள்ளே போயிருக்கும். 9-ஆம் பின் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், பல நல்ல கேபிள்களிலும் அது இருக்காது.

இரண்டு மானிட்டரையும் 60 ஹெர்ட்ஸில் வையுங்கள். பழைய சதுர மானிட்டர் 75 காட்டும், அகலமானது 60 காட்டும். இரண்டும் வேறுபட்டால் சில கார்டுகள் சும்மா இருக்கும்போதுகூட மெமரியை முழு வேகத்திலேயே வைத்திருக்கும், ஃபேனில்லாக் கார்டில் அது வீண் சூடு. அடுத்து விஜிஏ திரையின் தெளிவு. தமிழ் டைப் செய்கிறவர்களுக்கு இது கண் விஷயம்: சிக்னல் துளி நகர்ந்தாலும் மெய்யெழுத்தின் புள்ளி மங்கி, 'க்' என்பது 'க' மாதிரி தெரியும், புரூஃப் பார்ப்பவருக்குப் பிழை நழுவும். கறுப்பும் வெள்ளையும் ஒற்றைப் புள்ளி மாறி மாறி வரும் கட்டப் படம் ஒன்றைத் திரை முழுவதும் விரித்துவிட்டு மானிட்டரின் ஆட்டோ பட்டனை அழுத்துங்கள். வெறும் டெஸ்க்டாப்பில் அழுத்தினால் மானிட்டருக்குப் பிடிப்பதற்கு ஒன்றுமிருக்காது. அப்படியும் செங்குத்தாக அலை தெரிந்தால் மெனுவில் க்ளாக்கையும் பிறகு ஃபேஸையும் கையால் ஒவ்வொரு எண்ணாக நகர்த்துங்கள், சாம்பல் நிறம் சீராகும் இடம் ஒன்று வரும். எழுத்து வேலை டிவிஐ திரையில், வாட்ஸ்அப்பும் மெயிலும் விஜிஏ திரையில் என்று பிரித்துக்கொண்டால் கண்ணுக்கும் நல்லது.

சிபியு, இரண்டு மானிட்டர் மூன்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகுங்கள். பழைய வீடுகளில் ஒரு சுவரில் எர்த் இருக்கும், எதிர்ச் சுவரில் இருக்காது. வேறு வேறு பாயிண்டில் போட்டால் கேபிளைச் செருகும்போது சுருக்கென்று கை தட்டும், ஹெச்டிஎம்ஐ சாக்கெட் அந்த ஒரு பொறியில் போய்விடும். எதைச் செருகினாலும் மெயினை அணைத்துவிட்டே செருகுங்கள்.

கடைசியில் ஒரு சோதனை. மதியம் இரண்டு மணிக்கு, ஒரு திரையில் யூடியூப் வீடியோ, இன்னொன்றில் வழக்கமான வேலை, ஒரு மணி நேரம். ஜிபியு-இசட்டின் சென்சார் பக்கத்தில் அதிகபட்சச் சூட்டைப் பாருங்கள். 80 சொச்சம் என்றால் அப்படியே விட்டுவிடலாம். 90 வந்தால் பலர் செய்வது கேபினெட் கதவைக் கழற்றி ஓரமாக வைப்பது. வேண்டாம், வெதுவெதுப்பான இடம் தேடும் பல்லிக்கு அது திறந்த வாசல். அதற்குப் பதில் 12 சென்டிமீட்டர் ஃபேன் ஒன்றை முன்பக்கக் கீழ்ப்பகுதியில் கார்டைப் பார்த்துக் காற்று வருமாறு மாட்டி, பயாஸில் அதன் வேகத்தை சைலன்ட் என்று வையுங்கள். மெதுவாகச் சுற்றும் அந்த அகல ஃபேனின் சத்தம், தலைக்கு மேல் ஓடும் சீலிங் ஃபேனின் சத்தத்துக்குள் காணாமல் போய்விடும்.